மங்கள விலாஸும் பாத்ரூம் கடையும்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலையிலிருந்து டி.சி., சாதிச் சான்று, ஆதார், மறுபடி ஆதார். ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளின் பிறந்த தேதியும் இன்றைக்கு எனக்கு மனப்பாடம். ஜெராக்ஸ் கடைக்காரனும் டாக்டர் மாதிரிதான். எல்லார் ரகசியமும் தெரியும், வெளியே சொல்லக் கூடாது. டாக்டருக்குப் படிப்பு உண்டு. எனக்குப் பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது தடவையில்.

மத்தியானம் காந்தி சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். என் ஒரே மகள் காந்திமதி. கட்டடக்கலை படித்து அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. மூன்று மாதம் லீவு போட்டிருக்கிறாளாம். "அப்பாவைப் பார்க்க வந்திருக்கா" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். வடிவு முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே, "உங்களைப் பாக்க மூணு மாசம் எதுக்கு? மூணு நிமிஷம் போதாதா?" என்றாள். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷமாக என் மனைவி என்னை இப்படித்தான் அளந்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் மணிக்கூண்டுத் தெருவின் ஒரு வரிசையை இடித்து, கீழே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடிக் கடை என்று நகராட்சி ஒரு வளாகம் கட்டப்போகிறது. பன்னிரண்டு கட்டடம் போகும். அதில் என் கடையும் ஒன்று. சம்மதக் கடிதத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவன் நான். புது வளாகத்தில் எனக்கு மூன்றாம் நம்பர் கடை. இழுத்தால் சத்தமில்லாமல் இறங்கும் ஷட்டர். ஏ.சி. வைக்கத் தனியாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையின் படத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

காந்தி வந்திருப்பது அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக் காப்பாற்ற. என்னுடையதை இல்லை, பக்கத்துக் கட்டடத்தை. சங்கரபாகத்தின் லாட்ஜை.

ஜூன் 5, வியாழன்

மங்கள விலாஸைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வயிறு எரிகிறது. எழுதினாலும் எரியத்தான் போகிறது.

நூறு வருஷத்துக்கு மேலான லாட்ஜ். இரண்டு மாடி, மரப் படிக்கட்டு, வண்ணக் கண்ணாடி ஜன்னல், முகப்பில் சுண்ணாம்புச் சுதையில் கொடியும் பூவும். கொடியின் ஓரத்தில் ஒரு கிளி. அலகைத் திறந்து, கழுத்தைத் திருப்பி, என் கடைப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கும். அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது என் அபிப்பிராயம். இப்போது அங்கே தங்குவதற்கு அதிகம் பேர் வருவதில்லை. மருந்துக் கம்பெனி ஆட்கள் ஒன்றிரண்டு பேர், முகூர்த்த மாதங்களில் மேளக்காரர்கள், அவ்வளவுதான். ஆனாலும் சங்கரபாகம் தினமும் வெள்ளை வேட்டியில், ஏதோ கவர்னர் வந்து தங்கப்போகிற மாதிரி வாசலில் நிற்பான்.

ஒட்டினாற்போல் என் கடை. பத்தடி அகலம். முகப்பு முழுக்கச் சாக்லேட் நிற டைல்ஸ். காந்திக்குக் காது குத்திய வருஷம் நான் ஆசைப்பட்டு ஒட்டியது. கடைசி டைல்ஸை ஒட்டிவிட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் கொத்தனார் சொன்னார், "அண்ணாச்சி, இது பாத்ரூமுக்கு உள்ள ரகம்லா" என்று. அன்றிலிருந்து ஊருக்குள் என் கடைக்குப் பெயர் ‘பாத்ரூம் கடை’. என் பெயரில் வைத்த கோமதி ஜெராக்ஸ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "பாத்ரூம் கடையில போயி ரெண்டு காப்பி எடுத்துட்டு வா" என்றுதான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

சங்கரபாகமும் நானும் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே பெஞ்சு. அவன் எப்போதும் முதல் ரேங்க். நான் முதல் ரேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 7, சனி

சனிக்கிழமை வேலை: ‘மறந்த ஒரிஜினல்’ பெட்டியைப் பிரித்தேன்.

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். காப்பியை வாங்கிக்கொண்டு, மெஷின் மூடிக்குக் கீழே ஒரிஜினலை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த ஆள் வந்து மூடியைத் தூக்கும்போது, "அண்ணாச்சி, யாரு பத்திரமோ உள்ள கிடக்கு" என்பார். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, சனிக்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் செய்வேன். இந்த வாரம் ஒரு ரேஷன் கார்டு, இரண்டு மார்க் ஷீட், ஒரு ஜாதகம். ஜாதகக்காரருக்குப் போன் செய்தால், "கிடக்கட்டும் அண்ணாச்சி, அந்தச் சம்பந்தம் தட்டிப் போச்சு" என்கிறார்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தாளைக்கூட நான் தொலைத்ததில்லை. படிப்பில் வராத ரேங்க் இதில் எனக்கு உண்டு. இன்னொன்றும் தவறாமல் செய்வேன். எந்தத் தாள் வந்தாலும் முதலில் கேட்பது, "ரெண்டு பக்கமும் உண்டா?" என்றுதான். ஜனங்கள் பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள். மறக்காமல் இருக்கத்தானே நான்.

ஜூன் 9, திங்கள்

காந்தி காலை எட்டு மணிக்கே லாட்ஜுக்குப் போய்விட்டாள். அளவெடுக்கிறாள். முப்பது மீட்டர் டேப்பு. ஒரு முனை அவளிடம், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவங்க. கட்சி மாறிட்டீங்கன்னு பேசுவாங்க. கடையைப் பாருங்க."

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் கஷ்டம்.

பதினொரு மணிக்கு டீ வாங்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். டேப்பின் மறுமுனையைச் சங்கரபாகம் பிடித்திருந்தான். பிடித்திருந்தான் என்றால், ஏதோ தேர் வடத்தைப் பிடிக்கிற மாதிரி.

ஜூன் 12, வியாழன்

இன்றைய கணக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் காந்தி வாயிலிருந்து ‘மாமா சொன்னாங்க’ பதினோரு தடவை. ‘சங்கரபாகம் மாமாக்கு எவ்வளவு விஷயம் தெரியுது’ மூன்று தடவை. ‘அப்பா, சாம்பாரை இங்கிட்டு நகட்டுங்க’ ஒரு தடவை.

அவனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். அந்த மாடியில் சர்க்கஸ்காரி ஒருத்தி குரங்கோடு வந்து தங்கினாள் என்று காந்தியிடம் அளந்திருக்கிறான். குரங்கு வந்தது நிஜம். சர்க்கஸ்காரி வரவில்லை. குரங்காட்டிதான் வந்தான். நான்தான் அவனுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அதை நான் சொன்னபோது காந்தி, "அப்படியாப்பா?" என்றாள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூன் 14, சனி

ஜாதகக்காரர் வந்து ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார். சம்பந்தம் மறுபடி கூடிவிட்டதாம். எல்லாருக்கும் நல்ல காலம்.

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் வரிசையில் எட்டாவது கடைக்காரர் மனு ஒன்றைக் காப்பி எடுக்க வந்தார். சீக்கிரம் இடிக்கச் சொல்லி மனு. அரை மணி நேரம் கழித்துக் காந்தி வந்தாள், இடிக்கக் கூடாது என்கிற மனுவோடு. இரண்டும் ஒரே மெஷினில் ஒரே சூட்டோடு வெளியே வந்தன. மெஷினுக்கு மானம் ரோஷம் கிடையாது. எனக்கு மட்டும் ஏன் இருக்கிறது?

சங்கரபாகமும் கூட வந்திருந்தான். கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "வே கோமதி, உம்ம மக தங்கம்வே. இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்துச்சோ" என்றான்.

"அம்மா வழி" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு அரை நிமிஷம் பிந்தித்தான் முடிந்தது.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது நிமிர்ந்து பார்த்தேன். கிளியும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

சொல்லக் கூடாதுதான், எழுதலாம். சங்கரபாகத்துக்கு ஒரே மகன், சிட்னியில். வருஷம் இரண்டு ஆயிற்று ஊருக்கு வந்து. அவன் என் மகளைக் கடன் வாங்கிக்கொள்கிறான். கேட்டு வாங்கினால் கொடுக்கலாம். கேட்காமல் எடுத்துக்கொள்கிறான்.

வடிவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஐம்பத்தேழு வயசு. டேப்பு பிடிக்கலைன்னு அழுவீங்களா?" என்றாள். டேப்பைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது?

ஜூன் 23, திங்கள்

காந்தி ஒரு வழியாக அறிக்கையை முடித்துவிட்டாள். நாற்பது தாள். அடுத்த திங்கள்கிழமை நகராட்சியில் ஆய்வுக் குழு விசாரணை. ஐந்து செட்டு வேண்டும், ஸ்பைரல் பைண்டிங்கோடு. "திருநெல்வேலி வரைக்கும் போயிட்டு வந்திருதேன்ப்பா. பாத்து எடுங்க, சிலதுல ரெண்டு பக்கமும் இருக்கு" என்றாள். என்னிடமே சொல்கிறாள்!

எடுத்துக்கொண்டே படித்தேன். எங்கள் தொழிலில் படிக்கக் கூடாது, ஆனால் எழுத்து கண்ணுக்கு முன்னால்தானே போகிறது. முதல் தாளில் நன்றி: ‘திரு. சங்கரபாகம் அவர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இது முடிந்திருக்காது.’ நான்காம் தாளில் அவன் போட்டோ, படிக்கட்டில் நின்றுகொண்டு. பதினான்காம் தாள் ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர் கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்த உறுதிச் சான்று. மங்கள விலாஸ் இன்னும் அறுபது வருஷம் அசையாமல் நிற்குமாம். இந்தச் சான்று இல்லாவிட்டால் குழு மற்றதைத் திறந்தே பார்க்காது என்று காந்தி சொல்லியிருந்தாள். அது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை.

மெஷின் பதினான்கில் சிக்கிக்கொண்டது. பழைய மெஷின். டோனரும் குறைவு.

மூன்று மணிக்கு ஐந்து செட்டும் தயார். காந்தி வந்து அப்படியே பையில் வைத்துக்கொண்டாள். "எண்ணிப் பாரு" என்றேன்.

"அப்பா எடுத்தா சரியாத்தான் இருக்கும்."

இன்று ஏனோ பசிக்கவில்லை. நேற்றைய பணியாரமாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

டைரி கொஞ்சம் தடிமனாகிவிட்டது. மூடினால் சரியாக மூடுவதில்லை.

ஜூன் 28, சனி

டப்பாவைப் பிரித்தேன். ஒரு பிறப்புச் சான்று, ஒரு கரண்ட் பில். இரண்டு பேருக்கும் போன் செய்தேன். வேறு எதுவும் டப்பாவில் இல்லை.

ஜூன் 30, திங்கள்

விசாரணை. நானும் சம்மதம் கொடுத்த கட்சியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

காந்தி நன்றாகப் பேசினாள். பயமே இல்லை. என் பக்கத்தில் இருந்த பாத்திரக் கடைக்காரர், "உங்க மகளா அண்ணாச்சி? வக்கீல் மாதிரிலா பேசுதா" என்றார். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

அப்புறம் குழுத் தலைவர் தாளைப் புரட்டினார். பதின்மூன்று. பதினைந்து. "பதினாலு எங்கம்மா? உறுதிச் சான்று எங்க?"

காந்தி தன் செட்டைப் புரட்டினாள். மற்ற நான்கையும் புரட்டினாள். ஒரிஜினல் கோப்பைப் புரட்டினாள். செல்போனில் படம் இருந்ததைக் காட்டினாள். கையெழுத்தும் சீலும் உள்ள ஒரிஜினல்தான் வேண்டும், போன் படத்தை வைத்து ஒரு கட்டடத்தை நிறுத்தி வைக்க முடியாது என்றார்கள். அந்த இன்ஜினியர் போன வாரம்தான் மகள் வீட்டுக்கு மஸ்கட் போயிருக்கிறார். திரும்ப மூன்று மாதம். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரைக்கும் தவணை. அதற்குள் வராவிட்டால் பன்னிரண்டும் இடிப்புப் பட்டியலில்.

காந்தி திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வீடு முழுக்கத் தேடினாள். பஸ்ஸில் விட்டிருப்போமோ என்று டிப்போ வரைக்கும் போய் வந்தாள். அப்புறம் கடைக்கு வந்து மெஷின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். "பாரு, பாரு, நல்லாப் பாரு" என்றேன். ஸ்டூலைக்கூட நகர்த்திக் கொடுத்தேன்.

"நான்தான்ப்பா எங்கயோ விட்டுட்டேன். நீங்க ஒரு தாளைக்கூடத் தொலைக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

இதைச் சொல்லிவிட்டு மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. சின்ன வயசில் கீழே விழுந்தால் எழுந்து நின்று யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பாள். அதே முகம்.

மத்தியானம் மோர்ச் சாதம். பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். மோர்ச் சாதத்தையே முடிக்க முடியாவிட்டால் மனுஷன் எதைத்தான் சாப்பிடுவது?

ஜூலை 2, புதன்

காலையில் கடையைத் திறந்து ஊதுவத்தி வைக்கிறேன், சங்கரபாகம் வந்தான். வேட்டி கசங்கியிருந்தது. அவன் வேட்டி கசங்கி நான் பார்த்ததில்லை.

"வே கோமதி, பிள்ளையை ஒண்ணும் சொல்லீராதியும்."

"நான் எதுக்குவே சொல்லுதேன்?"

"நேத்து என் வாசல்ல வந்து, ‘என்னை மன்னிச்சிருங்க மாமா’ங்கா. போனாப் போவுது தாயீ, என் கட்டடம்தானே, என் மவனே வித்துத் தொலைன்னு போன்ல சொல்லிட்டான்னேன். கேக்கலை. ‘எங்க அப்பா மொகத்துல எப்பிடி முழிப்பேன்’ங்கா."

நான் ஊதுவத்தியை ஸ்டாண்டில் குத்தினேன். நிற்கவில்லை.

"மூணு வாரம் என்கூட நின்னாவே. நானும் தெரிஞ்சதையெல்லாம் சொல்லுதேன். எது சொன்னாலும், ‘அப்பாட்ட கேட்டுச் சரி பாக்கணும் மாமா’ன்னு முடிச்சிருதா. அந்தக் குரங்காட்டி கதையை அடிச்சுத் திருத்திட்டு வந்து என்னைக் கேள்வி கேட்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என் மவன் இதுவரைக்கும் ஒரு விஷயம் என்கிட்ட கேட்டுச் சரி பாத்ததில்லை. உம்ம மேல எனக்குப் பொறாமைவே. நெசமாச் சொல்லுதேன்."

என் மேல்! அவனுக்கு! ஐம்பது வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. வந்த நேரத்தைப் பாருங்கள்.

போகும்போது திரும்பி, "அந்தத் தாள்ல உமக்கும்கூட ஒரு..." என்று ஆரம்பித்தான். "வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு பிள்ளை சத்தியம் வாங்கியிருக்கா" என்று நிறுத்திக்கொண்டு போய்விட்டான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இந்த டைரியை எடுத்தேன். ஜூன் 24-க்கும் 25-க்கும் நடுவில் வைத்திருந்த பதினான்காம் தாளை வெளியே எடுத்தேன். இப்போதாவது எழுதுகிறேன். மெஷின் சிக்கவில்லை. டோனரும் போதுமான அளவு இருந்தது.

திருப்பிப் பார்த்தேன்.

ஊரில் எல்லாரிடமும் கேட்பேன், ரெண்டு பக்கமும் உண்டா என்று. இந்த ஒரு தாளிடம் கேட்கவில்லை.

பின்பக்கத்தில் இன்ஜினியர் எழுதியது: கதவு எண் 31 மங்கள விலாஸும் கதவு எண் 32 ஜெராக்ஸ் கடையும் தனித்தனிக் கட்டடங்கள் அல்ல. ஒரே அடித்தளத்தில் ஒன்றாகக் கட்டி, பின்னால் விற்பனையில் பிரிந்தவை. நடுச்சுவர் பொது. ஒன்றை இடித்தால் மற்றது நிற்காது. 32-இன் முகப்பில் டைல்ஸுக்கு அடியில் சுதை வேலைப்பாடு எஞ்சியிருக்கலாம். உரிமையாளரின் சம்மதம் பெற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்குக் கீழே பென்சிலில், காந்தியின் கையெழுத்து. ‘உரிமையாளர் = அப்பா. கமிட்டி சரின்னு சொன்னப்புறம் சொல்லணும். இப்பவே சொன்னா டைல்ஸ் ஒட்டினதை நினைச்சு வருத்தப்படுவாங்க.’

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், கையோடு கையாக. அன்றைக்கு டைல்ஸ் ஒட்டும்போது கொத்தனார் சாரத்தில் நின்று கேட்டார்: "அண்ணாச்சி, இங்கன ஒரு கிளி துருத்திக்கிட்டு நிக்கி, டைல்ஸ் உக்காராது. என்ன செய்ய?" நான் கீழே நின்று, "கொத்திப் போடும்" என்றேன். லாட்ஜுக் கிளி யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என்னை இல்லை, அதன் ஜோடிக் கிளியை.

ஜூலை 3, வியாழன்

காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகம். எழுத்தர் அம்மாள் தாளைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கு. ஏன் பிந்திச்சுன்னு ஒரு கடிதம் வேணும் சார்" என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ‘மேற்படி தாள் எனது மெஷினில் சிக்கியிருந்து இப்போதுதான் கிடைத்தது.’ படித்துப் பார்த்தேன். ஜூன் 23-ஆம் தேதி இந்த டைரிக்கு எழுதியதும் இதுதான். டைரியிடமே பொய் சொல்கிற ஆள் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கிழித்தேன்.

மறுபடி எழுதினேன்: ‘மேற்படி தாளைப் பொறாமையின் காரணமாக நானே எடுத்து மறைத்து வைத்திருந்தேன். அறிக்கை தயாரித்தவர் மீது தவறில்லை. மேலும், கதவு எண் 32-க்கு நான் கொடுத்த இடிப்புச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’

எழுத்தர் அம்மாள் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார்.

"‘தவறுதலாக’ன்னு போட்டாப் போதுமே சார். யாரு கேக்கப் போறா?"

"என் மகள் எல்லாத்தையும் சரி பாப்பாம்மா."

"மூணாம் நம்பர் கடை போயிருமே?"

"அதுல ஏ.சி. ஓட்டை மட்டும்தான் எனக்குப் பிடிச்சிருந்தது."

ஒரு காப்பி வேண்டும் என்றார். அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. புது மெஷின், தொட்டால் வேலை செய்கிற பலகை, சத்தமே இல்லை. எனக்கு அந்த நிலைமையிலும் வயிறு எரிந்தது. கடைக்காரன் என் கடிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டான்: "ரெண்டு பக்கமும் உண்டா அண்ணாச்சி?"

திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லை தம்பி, எல்லாம் முன்பக்கத்துலயே இருக்கு" என்றேன்.

மத்தியானம், கூடவே எடுத்த இன்னொரு காப்பியைக் காந்தியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். வடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏன்ப்பா?"

"அந்த டேப்பு..." என்றேன். "முனையை அவன் பிடிச்சிருந்தான்."

சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் சிரிப்பாள் என்று ஒரு ஓரத்தில் நம்பினேன். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் யாராவது சிரிப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. காந்தி கடிதத்தை நான்காக மடித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 5, சனி

பேசவில்லை. டப்பாவில் ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

பேசவில்லை. சாம்பாரை நகர்த்தச் சொல்லக்கூட இல்லை, எழுந்து வந்து எடுத்துக்கொள்கிறாள். சங்கரபாகத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாசலில் நின்று என்னை ரொம்ப நேரம் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். "நீரும் மனுஷன்தான்வே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். இதிலும் முதல் ரேங்க் அவனுக்கே.

ஜூலை 18, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. எண் 31, 32 இரண்டும் இடிப்புப் பட்டியலிலிருந்து நீக்கம். மற்றப் பத்தும் இடிபடும், வளாகம் அந்த அளவுக்குச் சின்னதாகும். நிபந்தனை ஒன்று உண்டு. 32-இன் முகப்பு டைல்ஸை உரிமையாளர் தன் சொந்தப் பொறுப்பில் அகற்றிப் பழையபடி ஆக்க வேண்டும். எட்டாவது கடைக்காரர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பேசாதவர்கள் எண்ணிக்கை இரண்டு.

காந்தி உத்தரவைக் காப்பி எடுக்கக் கடைக்கு வந்தாள். கவுண்டரில் வைத்தாள். நான் எடுத்தேன். கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

பார்க்கட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

டைல்ஸ் பிரிக்கும் நாள். அதே கொத்தனார், வயதாகிவிட்டது. "ஒட்டச் சொன்னீங்க, இப்ப உரிக்கச் சொல்லுதீங்க" என்று முனகிக்கொண்டே சாரம் ஏறினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. வடிவு சுக்குக் காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். சங்கரபாகம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பதினேழாவது டைல்ஸுக்குப் பின்னால் கொடி தெரிந்தது. இருபதில் ஒரு சிறகு. இருபத்திரண்டில் கழுத்து, அது லாட்ஜுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அலகு இருந்த இடத்தில் உளி கொத்திய பள்ளம். இன்னொரு சிறகும் இல்லை. ஓட்டைக்கு ஆசைப்பட்டவனுக்கு ஓட்டை கிடைத்தது.

சங்கரபாகம்கூட எதுவும் அளக்கவில்லை. நான் கிளியைப் பார்க்காமல் கொத்தனாரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்தார்.

காந்தி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். லாட்ஜுக் கிளிக்கு நேரே இன்னொரு ஏணி போடச் சொன்னாள். அளவு அங்கேயிருந்துதான் எடுக்க வேண்டும். அதுதான் முழுசாக இருக்கிறது. ஏணியில் ஏறியவள் பாதியில் நின்று, டேப்பின் முனையை இழுத்து, கீழே பார்த்தாள். சங்கரபாகம் கையை நீட்டினான். அவள் முனையை அவனைத் தாண்டி நீட்டினாள்.

நான் பக்கத்தில் இருந்த ஏணியில் ஏறிப் பிடித்தேன். அலகின் நுனியில் என் விரல்.

"அப்பா, கையை ஆட்டாதீங்க."

இருபத்துநான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. மறுகையால் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மூணே முக்கால்" என்றாள். "எழுதிக்கிடுங்க."

பேப்பர் இல்லை. உள்ளே ஓடிப் போய் இந்த டைரியைத்தான் எடுத்து வந்தேன். இப்போது சரியாக மூடுகிறது. அலகின் நீளம் மூன்றே முக்கால் அங்குலம். சிறகு பதினொன்றரை. சங்கரபாகத்தின் கிளியைப் பார்த்துத்தான் என்னுடையதைச் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அவனைப் பார்த்துத்தான் எழுதினேன். பார்த்து எழுதியும் என்னுடையதில் ஒரு சிறகு எப்படியும் கோணலாகத்தான் வரும்.